கேட்டதும் சொன்னதும்: ரேகை வைத்தவர்கள்

போன இதழில் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றி நாலே வரி எழுதினேன். அதற்கே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ரோமா என்றால் ஜிப்சிகள்தானே? அவர்கள் நம் நாட்டிலிருந்து போனவர்கள் என்பதை நம்பலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: நம்பலாம். அவர்கள் பேச்சே சாட்சி. ரோமானி மொழியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நக்', ஐந்து 'பாஞ்ச்', பத்து 'தெஷ்'. தெற்கு மாசி வீதியில் சௌராஷ்டிரம் பேசும் நண்பர் ஒருவரிடம் இந்தப் பட்டியலை வாசித்தேன். "பானி எங்க வீட்டுலயும் பானிதான் சார்" என்று சிரித்தார். உடனே இருவரும் பங்காளிகள் என்று கிளம்பிவிடாதீர்கள். இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தில் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். நம் நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலியும் அதே குடும்பம். அதனால் அவர்கள் ரோமா ஆகிவிட மாட்டார்கள்.

ரோமானியில் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கச் சொற்கள்: எஃப்தா, ஒக்தோ, என்யா. போகிற வழியில் கிரேக்கம் பேசிய மண்ணில் நெடுநாள் தங்கியிருக்கிறார்கள். 'ஜிப்சி' என்பது, எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து மற்றவர்கள் வைத்த பெயர். 1971 ஏப்ரலில் லண்டன் அருகே கூடிய முதல் உலக மாநாட்டில் அவர்களே 'ரோமா' என்ற பெயரை முன்வைத்தார்கள். நாமும் அதையே சொல்லிவிட்டுப் போவோமே.

கேள்வி: ஒரு நாட்டில் வாழும் மக்களுக்கு அந்த நாட்டு அரசு செய்ய வேண்டியதுதானே? பல நாடுகள் கூடி மாநாடு போடுவது காசைக் கரைக்கத்தானே? (மதுரை அண்ணா நகர் வாசகி)

பதில்: காசு கொஞ்சம் கரையத்தான் செய்தது அம்மா. ஆனால் தனித்தனியே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ஐப் பாருங்கள். பிரான்ஸ் அரசு ரோமா குடிசைகளைக் கலைத்து, பெரியவருக்கு 300 யூரோ, பிள்ளைக்கு 100 யூரோ என்று கையில் கொடுத்து ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் விமானம் ஏற்றியது. போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். ஊரில் வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் என்பதால் எல்லை தாண்டத் தடையும் இல்லை. அனுப்பியவருக்கும் தீரவில்லை, பெற்றுக்கொண்டவருக்கும் தீரவில்லை.

இங்கேயும் பாருங்கள். நரிக்குறவர்களை 2023-ல்தான் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தச் சான்றிதழோடு குமுளியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், அங்கே அந்தச் சலுகை கிடையாது. நடந்து பிழைக்கிறவர்களுக்கு எல்லையில் நின்றுவிடுகிற உரிமை பாதி உரிமைதான்.

2005-ல் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் எட்டு அரசுகள் கூடி 'ரோமா பத்தாண்டு' என்று தொடங்கின. கல்வி, வேலை, உடல்நலம், வீடு என நான்கு துறைகள். பிறகு வேறு சில நாடுகளும் சேர்ந்தன. 2015-ல் முடிந்தபோது ஏட்டில் இருந்த அளவுக்குத் தெருவில் மாற்றம் இல்லை. இப்போது 2030 வரைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு திட்டம் ஓடுகிறது. என்னைக் கேட்டால், உருப்படியாக நடந்தது சின்னக் காரியங்கள்தான். ருமேனியாவில் ரோமா பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மருத்துவமனைக்கும் குடியிருப்புக்கும் நடுவே பேசுகிறவர்களாக வேலைக்கு வைத்தார்கள். தொண்டு நிறுவனம் ஆரம்பித்ததை 2002-ல் அரசே ஏற்றுக்கொண்டது. அப்புறம் மற்ற நாடுகளும் அதைப் பார்த்துச் செய்தன. எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்றால் எனக்கு இதுதான்.

இன்னொன்று நீதிமன்றம். செக் நாட்டின் ஓஸ்திராவா நகரில் ரோமா பிள்ளைகளுக்கு ஏதோ அறிவுச் சோதனை வைத்து, மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனிப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட ஒரு ரோமா பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு 27 மடங்கு அதிகம் என்று கணக்குக் காட்டி, 18 பிள்ளைகளின் சார்பில் வழக்குப் போட்டார்கள். சொந்த நாட்டில் தோற்றார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் முதல் சுற்றில் தோற்றார்கள். 2007 நவம்பரில் அதன் பெரிய அமர்வில் ஜெயித்தார்கள். 'பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்களே' என்று அரசு வாதாடியது. எதற்கு என்று தெரியாமல் போட்ட கையெழுத்து பாகுபாட்டுக்குச் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த வழக்கைப் பற்றிய புத்தகத்தில் அந்த இடத்தைப் படித்ததும் மூடிவிட்டேன். காரணம் சொல்கிறேன். 1989-ல் மதுரைக்குக் கிழக்கே ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் நான். பாசிமணி விற்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். தமிழ் வாசிக்கத் திணறினான். "இவனுக்கெல்லாம் பாடம் ஏறாது" என்று, மந்தமான பிள்ளைகளுக்கென்று நாங்களே வைத்திருந்த 'ஈ' பிரிவுக்குத் தள்ளினோம். 'என் சம்மதத்தோடு' என்று நானே எழுதி, அவன் அம்மாவைக் கூப்பிட்டு மைப் பெட்டியை நீட்டினேன். "எங்க சாமி வைக்கணும்?" என்றுதான் கேட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில், ஆற்றங்கரையில் துண்டு விரித்துப் பாசி விற்றுக்கொண்டிருந்தான். ஒரு சரம் மூணே கால் ரூபாய். ஒரு அம்மாள் ஏழு சரம் கேட்டார். விரல் மடக்காமல், தலையைக்கூட நிமிர்த்தாமல் "இருபத்திரண்டே முக்கால்" என்றான். நான் மனசுக்குள் பெருக்கி முடிப்பதற்குள் கால் ரூபாய்ச் சில்லறையும் கொடுத்துவிட்டான். திருவிழா முடிந்து பள்ளி திறந்ததும் அவனைத் தேடினேன். அவன் திரும்பி வரவே இல்லை.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் ரேகைச் சட்டம் இருந்தது. இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். ஐரோப்பாவில் ரோமாக்களுக்கும் இப்படிச் சட்டம் இருந்ததா? தாத்தாவின் ராதாரிச் சீட்டு (வெளியூர் போக அனுமதிச் சீட்டு) ஒன்று எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: இருந்தது, அதுவும் ஏறக்குறைய அதே நேரத்தில். நீங்கள் சொல்லும் ரேகைச் சட்டம், அதாவது சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1912-ல் பிரான்ஸ் நாடு, ஊர் ஊராகத் திரிகிறவர்களுக்கு ஒரு கையேடு கொடுத்தது. படம், உடல் அளவு, விரல் ரேகை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். 1969-ல் பெயரை மாற்றினார்கள்; 2017-ல்தான் முழுசாக ஒழித்தார்கள். நம் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாயக்காள் உட்பட 16 பேர் பெயர் அங்கே நினைவுத் தூணில் இருக்கிறது.

அந்தச் சீட்டை மட்டும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பழைய காகிதம் வீணாகிவிடும். மடிப்பைப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வையுங்கள். போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் போதும், அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.