படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது

கேள்வி: எனக்கு வயது 56. இரண்டு மாதமாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். பரணில் எதையாவது எடுக்க அண்ணாந்தாலும் அப்படித்தான். பித்தம் என்கிறார் மாமியார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டிவிட்டார் ஒரு டாக்டர். தலைசுற்றல் மாத்திரை தினமும் போடுகிறேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம், கால் தள்ளாடினாலும் மயக்கம், அறை சுற்றினாலும் மயக்கம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நீங்களோ எந்தப் பக்கம் புரண்டால், எவ்வளவு நேரம் என்பதுவரை எழுதிவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது. அநேகமாக, காதுக்குள் சில துகள்கள் இடம் மாறி விழுந்திருக்கின்றன.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சட்டென்று நின்ற பிறகும் தெருவே சுற்றும், இல்லையா? உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை திரும்பினால் குழலும் திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அப்போது குழலுக்குள் இருக்கும் ஜெல்லி போன்ற மடல் சாயும். அந்தச் சாய்வை நுண்ணிய மயிரணுக்கள் மூளைக்குச் சொல்லும். சுற்றி நின்றதும் உடல் நின்றுவிடுகிறது, திரவம் நிற்பதில்லை. காது சொல்வதை மூளை நம்பிவிடுகிறது.

குழல்களை ஒட்டி இரண்டு சிறு பைகளும் உண்டு. பஸ் கிளம்புவது, லிஃப்ட் இறங்குவது, தலை சாய்வது எல்லாம் இவற்றின் பொறுப்பு. இதை உணர எடை வேண்டுமே! அதற்காக அங்கே பொடிப்பொடியாகக் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. முட்டை ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான். வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, பல சமயம் காரணமே தெரியாமலோ இவை உதிர்ந்து குழலுக்குள் விழுந்துவிடும். நீங்கள் புரளும்போது அவை சரிந்து திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன. தலை திரும்பி முடிந்துவிட்டது, காது மட்டும் இன்னும் சுற்றுகிறது என்கிறது. படிகங்கள் அடியில் போய்த் தங்கியதும் எல்லாம் அடங்கும். உங்கள் அரை நிமிடக் கணக்கு இதுதான்.

இதை உறுதி செய்ய ஒரு கட்டில் போதும். உட்காரவைத்துத் தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, தலை சற்றே தொங்கும்படி சட்டென்று படுக்கவைப்போம். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் கருவிழிகள் தாமாகவே துள்ளத் தொடங்கும். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த சோதனை இது. நோயாளி என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். நான் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிகிச்சை அங்கிருந்தே தொடரும். தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, பிறகு உடலையும் இடப்பக்கம் புரட்டி, முகம் தரையைப் பார்க்கவைத்து, கடைசியில் எழுப்பி உட்காரவைப்போம். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. படிகங்கள் வந்த வழியே பைக்குத் திரும்பும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லியின் முறை இது. மருந்தில்லாமல் குணமா என்று முதலில் சக மருத்துவர்களே சிரித்தார்களாம். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடுகிறது. முதல் முறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். கழுத்து வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இடம் மாறிய படிகத்தை எந்த மாத்திரையும் திருப்பி அனுப்பாது. புரோகுளோர்பெராசின், சின்னாரிசின் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கி, கைநடுக்கத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். காலரும் இதற்கு உதவாது.

ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் பேச்சு குழறினால், இரட்டை இரட்டையாகத் தெரிந்தால், ஒரு பக்கம் மரத்துப்போனால், நிற்கவே முடியாமல் சாய்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காது அடைத்து, இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் என்ற உட்காது நோயாக இருக்கலாம். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் காது நரம்பு அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

படிகம் இடம் சேர்ந்த பிறகும் சில நாள் லேசாகத் தள்ளாட்டம் இருக்கும், பயப்படாதீர்கள். மாதங்கள் கழித்துத் திரும்ப வந்தால் அதே முறைதான். அதுவரை பரண் வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள்.