முதல் இலையுதிர்கால விடுமுறை: வீடும் கம்பளி நூலும்

அன்புள்ள தங்கைக்கு,

வசந்தத்தில் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்த உங்களுக்கு இதுதான் முதல் இலையுதிர்காலம் என்றும், ஒக்டோபர் தொடக்கத்தில் பாடசாலை ஒரு கிழமை மூடப்படும்போது ஏழு வயது மகனோடு வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கணவரின் அலுவலகத்தில் ஒவ்வொருவராக மலைக்குடிலுக்கும் ஸ்பெயினுக்கும் புறப்படுவதைக் கேட்கும்போது மனம் சோர்ந்துபோகிறது என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். தொடருந்திலும் பெற்றோர் கூட்டத்திலும் பெண்கள் பின்னிக்கொண்டே இருக்கிறார்களே, நானும் பழகலாமா என்று கடைசியில் ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இந்த நாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்ட எனக்கு அவை இரண்டும் ஒரே கேள்வியாகவே தெரிகின்றன.

இந்த ஆண்டு எங்கும் போகாதீர்கள். வீட்டோடு இருங்கள், அந்தக் கிழமையிலேயே பின்னத் தொடங்குங்கள். இது செலவைக் குறைப்பதற்காகச் சொல்லும் யோசனை மட்டுமில்லை. முதல் குளிர்காலத்தை நல்லபடியாகக் கழிப்பதற்கு இதைவிட நல்ல ஆயத்தம் எனக்குத் தெரியாது.

முதலில் விடுமுறையைப் பற்றி. இது பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியது, பெற்றோருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. ஒஸ்லோவில் ஆண்டின் 40ஆம் கிழமையிலும், பேர்கன் பக்கத்தில் ஒரு கிழமை பிந்தியும் வரும். முன்பு உருளைக்கிழங்கு கிண்டும் காலத்தில் பிள்ளைகளின் கைகளும் வயலுக்குத் தேவைப்பட்டதால் வந்த விடுமுறை என்பதால், வயதானவர்கள் அதை உருளைக்கிழங்கு விடுமுறை என்றும் சொல்வதுண்டு. உங்கள் கணவர் இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீவு எடுக்கும் உரிமை அவருக்கு உண்டு, ஆனால் விடுமுறைப் பணம் முந்தைய ஆண்டு உழைத்த தொகையிலிருந்து கணக்கிடப்படுவதால், முதல் ஆண்டில் எடுக்கும் நாட்களுக்குச் சம்பளம் வராமல் போகலாம். வேலையிடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றிரண்டு நாள் மட்டும் அவர் எடுத்தால் போதும். விடுமுறைக்கு எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று நம்மவர்கள் கேட்பார்கள். வீட்டில் இருந்தோம் என்று தயங்காமல் சொல்லிப் பழகுங்கள்.

ஏன் இந்தக் கிழமையை வீட்டுக்கே கொடுக்கச் சொல்கிறேன் என்றால், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. ஒக்டோபர் தொடக்கத்தில் ஒஸ்லோவில் பகல் ஏறத்தாழ பதினொரு மணி நேரம் இருக்கும். பிறகு ஒக்டோபர் முழுதும் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடத்துக்கு மேலும், அதன்பின் சற்று மெதுவாகவும் குறைந்து, டிசம்பர் பிற்பகுதியில் ஆறு மணி நேரத்தளவில் வந்து நிற்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், மகன் பாடசாலையிலிருந்து வரும் நேரத்துக்கும் இருட்டுக்கும் இடையே இருந்த தூரம் ஒரே நாளில் சுருங்கிவிடும். இருட்டு வந்த பிறகு அதை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பவர்கள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் மாலைகளைக் கழித்துவிடுகிறார்கள், நம்மவர்களில் பலருக்கு நடந்ததும் அதுதான். இருட்டுக்கு முன்பே கைக்கு ஒரு வேலையும், அந்த வேலைக்கென்று வீட்டில் ஓர் இடமும் ஏற்படுத்திக்கொண்டவர்களுக்கு அதே மாலைகள் வேறு மாதிரி இருக்கின்றன. யன்னலோரம் ஒரு நல்ல நாற்காலி, அதன் பக்கத்தில் தலைக்குமேல் எரியாமல் தோளளவில் எரியும் ஒரு விளக்கு, நூல் வைக்க ஒரு கூடை. இவ்வளவையும் முதல் நாளே ஒழுங்குசெய்துவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் பின்னுவது மரியாதைக் குறைவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இங்கே கை பின்னிக்கொண்டிருந்தால் காது கேட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நான் எண்பதுகளின் இறுதியில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், மதிய இடைவேளையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பின்னிய பெண்களுக்கு என் மொழி தெரியாது, எனக்கும் அவர்களின் மொழி பிடிபடவில்லை. ஆனால் அவர்களில் மூத்தவர் ஒருவர் ஊசியை என் கையில் தந்து, விரலைப் பிடித்து நூலைச் சுற்றிக் காட்டினார். நான் கற்ற முதல் நோர்வேஜியச் சொற்கள் எண்கள். ஊசியில் விழும் நூல் வளையங்களான கண்ணிகளை எண்ணி எண்ணி அவை நாவில் ஏறின. பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இங்கே அறிமுகமில்லாதவரும் பேச்சுக் கொடுப்பார். என்ன பின்னுகிறீர்கள், யாருக்கு, எந்த நூல் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால், மொழி வகுப்பில் வராத தைரியம் வந்துவிடும். நூலகங்கள் பலவற்றில் பின்னல் மாலைகள் நடக்கின்றன, கட்டணம் இல்லை. பியோர்விகாவில் 2020இல் திறந்த டைக்மன் தலைமை நூலகத்துக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போய் அங்கிருந்தே விசாரியுங்கள்.

இனித் தொடங்கும் முறை. பெரும்பாலானோர் முதலில் நீளமான சால்வை பின்னச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முடிவே வராத ஒரு வேலை, தொடங்கியவரைப் பாதியில் கைவிடச் செய்யும். மகனுக்குத் தலைவழியே போட்டுக் கழுத்தை மூடும் குழாய் ஒன்றைப் பின்னுங்கள். விளையாடும்போது எங்கும் மாட்டி இழுக்கும் என்பதால் சிறு பிள்ளைகளுக்குத் தொங்கும் சால்வையை இங்கே விரும்புவதில்லை, ஆகவே அவன் அதை உண்மையிலேயே போடுவான். 10 சென்டிமீற்றருக்கு 18 கண்ணி என்று சுற்றுத்தாளில் அச்சிட்டிருக்கும் தடித்த நூலையும், அதற்கு ஏற்ற 5 மில்லிமீற்றர், 40 சென்டிமீற்றர் நீள வட்ட ஊசியையும் (இரு முனைகளையும் ஒரு வடம் இணைத்திருக்கும்) வாங்குங்கள். 84 கண்ணிகளை ஊசியில் ஏற்றி, வட்டமாகச் சேர்ப்பதற்கு முன் ஊசியை மேசையில் வைத்து, எல்லாக் கண்ணிகளின் அடிப்பக்கமும் உள்நோக்கி ஒரே பக்கம் பார்த்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் முறுகியிருந்தாலும் குழாய் முழுதும் முறுக்கோடுதான் வரும், பிறகு அதைப் பிரிக்காமல் திருத்த வழியில்லை. அதன்பின் இரண்டு கண்ணி நேராகவும், இரண்டு கண்ணி நூலை முன்னுக்கு எடுத்து மறுபக்கமாகவும், இப்படியே சுற்றிச் சுற்றிப் பின்னுங்கள். இந்த மாறிமாறி வரும் பின்னல் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். தலை நுழையவும் கழுத்தில் ஒட்டி நிற்கவும் அதுவே காரணம். நேர்க்கண்ணி மட்டும் பின்னினால் ஓரம் பாய் போலச் சுருண்டுகொள்ளும். இருபது சென்டிமீற்றர் உயர்ந்ததும் முடித்துவிடலாம், ஆனால் முடிக்கும் வரிசையை மிகவும் தளர்வாகப் போடுங்கள், இறுக்கிவிட்டால் தலை நுழையாது.

ஊரில் பாடசாலையில் பின்னப் பழகியவராக நீங்கள் இருந்தால், நூலை வலக்கையில் பிடித்து ஊசிமேல் எறிந்து சுற்றும் பழக்கம் இருக்கும். இங்கே பெரும்பாலோர் நூலை இடக்கை ஆட்காட்டி விரலில் வைத்து, ஊசி நுனியால் எடுத்துக்கொள்வார்கள். பிழை என்று யாராவது திருத்த வந்தாலும் உங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டாம், கண்ணி ஒன்றுதான். பின்னாளில் இரு நிற வேலைப்பாடு செய்யும்போது மட்டும், ஒரு நிறத்தை ஒவ்வொரு கையில் பிடிக்கத் தெரிந்திருப்பது பெரும் உதவி.

அந்த இரு நிற வேலைப்பாட்டுக்கு நீங்கள் சீக்கிரமே வந்துசேர்வீர்கள் என்று நம்புகிறேன். துரொண்ட்ஹைமுக்கு அருகிலுள்ள செல்பு என்ற ஊரில் 1857ஆம் ஆண்டு மாரிட் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் கறுப்பு வெள்ளை நூலில், எட்டு இதழ் நட்சத்திரம் பதித்த கையுறைகளைப் பின்னினார் என்பது இங்கு எல்லோரும் அறிந்த வரலாறு. அந்த நட்சத்திரத்தை இன்று நோர்வேயின் அடையாளமாகவே பார்க்கிறார்கள். அதன் மாதிரிப்படம் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு கண்ணி, ஒவ்வொரு வரியும் ஒரு சுற்று. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அதை வாசிப்பது கடினமே இல்லை. நடுவிலிருந்து எண்ணுவதும், இருபக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

அளவு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். சுவெட்டர் தொடங்குமுன் அதே நூலிலும் ஊசியிலும் ஒரு சிறு சதுரம் பின்னி, கழுவி, உலர்த்தி, பிறகு அளந்து பாருங்கள். மாதிரியில் 10 சென்டிமீற்றருக்கு 22 கண்ணி என்று இருக்க, உங்கள் கையில் 20 வந்தால், 220 கண்ணியில் 100 சென்டிமீற்றர் சுற்றளவு வரவேண்டிய உடல் 110 சென்டிமீற்றராக வந்து நிற்கும். ஊசியை அரை மில்லிமீற்றர் சிறிதாக்கினால் தீரும் சிக்கல் இது. முன்பக்கம் திறக்கும் கொஃப்தே என்ற கம்பளிச் சட்டையையும் இங்கே குழாயாகவே பின்னி முடித்து, நடுவே தையல் இயந்திரத்தால் இருபக்கமும் தைத்து, இடையில் கத்தரிக்கோல் வைத்து வெட்டித் திறப்பார்கள். முதல் முறை பார்க்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புள்ளவை, தையலும் பிடித்துக்கொள்ளும், ஆகையால் அவிழ்ந்து போகாது.

மகனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாடசாலையில் கைப்பணிப் பாடம் ஆண் பெண் வேறுபாடின்றி எல்லோருக்கும் உண்டு. ஊசி இல்லாமல் விரல்களாலேயே நூலைக் கோத்து நீண்ட சங்கிலி செய்ய அவனுக்குக் காட்டிக்கொடுங்கள், அரை நாள் போவது தெரியாது. ஆனால் நாள் முழுதும் வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். இந்நாட்டவரின் வீட்டுச் சுகம் வெளியே போய்வந்த பிறகுதான் தொடங்குகிறது. இதை நான் விளங்கிக்கொள்ளச் சில ஆண்டுகள் எடுத்தன. காலை வெளிச்சத்தில், மழை தூறினாலும், சொங்ஸ்வான் ஏரிக்குச் சுரங்க ரயிலில் போய் ஏரியை ஒரு சுற்று சுற்றுங்கள். மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, அவன் நடந்துவிடுவான். பருத்தி பனியனுக்குப் பதிலாக உள்ளே கம்பளி போட்டுவிடுங்கள். பருத்தி நனைந்தால் உடம்பில் ஒட்டிக் குளிரும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தை வாங்கிக்கொண்டும் சூட்டை விடாது.

திரும்பி வந்ததும் அடுப்பில் ஃபோரிகோல் வைத்துவிடலாம். எலும்போடு செம்மறியாட்டு இறைச்சி, தடித்த துண்டுகளாகக் கோவா (முட்டைக்கோசு), முழு மிளகு, உப்பு, கொஞ்சம் தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக அவிய வேண்டும், கிண்டவும் வேண்டியதில்லை. அந்த நேரம் முழுவதும் உங்கள் கை பின்னலுக்குச் சொந்தம். செத்தல் மிளகாய் சேர்க்க ஆசை வரும். முதல் முறை சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள், மிளகின் காரமே போதுமானதாக இருக்கும்.

பல ஆண்டுகளில் நவராத்திரியும் ஏறத்தாழ இந்தப் பருவத்திலேயே வருகிறது. சரஸ்வதி பூசையன்று மகனின் புத்தகங்களோடு உங்கள் ஊசிகளையும் வைத்து, விஜயதசமியன்று முதல் கண்ணியை ஏற்றலாம். என் வீட்டில் ஊசிக்கூடை புத்தகங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

பின்னி முடித்ததைக் கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரே நாளில் பாழாகிவிடும். சாதாரண சலவைத் தூளில் உள்ள நொதிகள் புரதத்தைக் கரைப்பவை, கம்பளியும் புரதம்தான், ஆகவே கம்பளிக்கென்று விற்கும் திரவத்தையே பயன்படுத்துங்கள். கம்பளிக்குரிய சுழற்சியில், 30 பாகைக்கு மேற்படாமல் கழுவி, தொங்கவிடாமல் துவாயில் பரப்பி உலர்த்துங்கள். அழுக்குத் தெரியாதவரை கழுவவே வேண்டாம், ஒரு இரவு பல்கனியில் காற்றாட வைத்தால் மணம் போய்விடும்.

ஊசிகளைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. ஃப்ரெடெக்ஸ் போன்ற பழைய பொருட் கடைகளில் நல்ல ஊசிகள் மலிவாகக் கிடைக்கும். நூலை மட்டும் புதிதாக, மகனின் கழுத்தில் வைத்துப் பார்த்து, உறுத்தாததாக வாங்குங்கள். பிள்ளைகளுக்கு மெரினோ மென்மையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் கடைகள் பூட்டியே இருக்கும், ஆகவே பாடசாலை விடும் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். 84 கண்ணியையும் ஏற்றி ஒரு சுற்று முடிந்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்; முறுகியிருந்தால் அந்த ஒரு சுற்றோடு பிரித்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா