விரிசல் விட்ட கிண்ணத்தையும் கொண்டு போங்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சொந்த ஊர் தென்காசிப் பக்கம், வேலை புனலூரில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேத் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கிண்ணம் கடைகிறேன். கிடைப்பது ரப்பரும் பலாவும்தான். என்னைப் போல ஆசைக்குக் கடைபவர்கள் சிலர் மாதம் ஒருமுறை செங்கோட்டையில் கூடி, செய்ததை மேசையில் வைப்போம். எல்லோரும் ‘அருமை’ என்பார்கள், டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். எனக்கு அது போதவில்லை. போன முறை ஒருவர், இவ்வளவு மெல்லிசாக எப்படிக் கடைகிறீர்கள் என்று கேட்டார். சொல்லலாமா என்று தயங்கி மழுப்பிவிட்டேன். விரிசல் விட்ட பலாக்கிண்ணம் ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு போகக் கூச்சமாக இருந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்புறம், கிண்ணத்துக்கு எந்த எண்ணெய் நல்லது?

கே., புனலூர்

அன்புள்ள தம்பிக்கு,

விரிசல் விட்டதைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். நன்றாக வந்த கிண்ணத்தைப் பார்த்து ‘அருமை’ என்பதற்கு மேல் ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? உளி பட்ட தடமெல்லாம் உப்புத்தாளில் தேய்ந்து போயிருக்கும். விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்த்தாலோ, என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். மரம் காயும்போது அதன் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நடுமையம் உள்ளே இருக்கும் கட்டை எங்காவது பிளந்துகொள்ளப் பார்க்கும். மையத்தை ஒதுக்கி அறுத்த கட்டையிலும் விளிம்பில் வெடித்திருந்தால் காரணம் வேறு: கிண்ணத்தின் சுவர் ஒரே கனமாக இல்லை, அல்லது காற்றில் வேகமாகக் காய்ந்துவிட்டது. பச்சை மரத்தை முதலில் கடையும்போது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விடுவது வழக்கம், 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். நார் வெட்டுப்பட்ட இடங்களில் மெழுகு பூசி, மாதக்கணக்கில் நிழலில் போட்டு, அது கோணலாவது நின்ற பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்க வேண்டும். நீங்கள் இதில் எந்தப் படியைத் தாண்டினீர்கள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது பார்த்ததும் சொல்லிவிடுவார். கிண்ணம் வீட்டு அலமாரியில் இருந்தால் யார் சொல்வது?

அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் என்று ஒன்று 1986-ல் தொடங்கியது. அவர்களுடைய ஆண்டுக் கூட்டத்தில் வருகிறவர்கள் தங்கள் வேலையைக் கொண்டு வந்து வைப்பதற்கென்றே ஒரு கூடம் உண்டு, அனுபவப்பட்டவர்கள் அதிலிருந்து சிலவற்றை எடுத்து வைத்து வெளிப்படையாகப் பேசுவார்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசுவார்கள், அது நல்ல குணம்தான். அதனால் கேள்வியை நீங்களே போட்டுவிட வேண்டும். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், ‘இந்த அடிப்பாகம் கனமாகத் தெரிகிறதா’ என்று கேளுங்கள். கிண்ணத்தை மேசையில் விட்டுவிடாமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள், கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசலின் யோக்கியதை அடியில்தான் தெரியும்.

அடியில் பென்சிலால் எழுதியும் வையுங்கள்: என்ன மரம், எந்த ஊர் மரம், எந்த மாதம் வெட்டியது, எப்போது கடைந்து முடித்தது. நமக்கு இது ரொம்ப முக்கியம். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம், புனலூரில், ஈரம்; இந்தப் பக்கம் தென்காசிக்கு இறங்கினால் குற்றாலச் சீசன் முடிந்ததும் உலர்ந்த காற்று. ஆனியில் புனலூரில் மூடி கச்சிதமாகப் பொருந்திய ஒரு சிமிழ், சில மாதம் கழித்துத் தென்காசியில் ஒரு நண்பர் வீட்டில் வேறு மாதிரி பொருந்தும். மாதமும் ஊரும் எழுதியிருந்தால் அது மரத்தின் நடமாட்டம் என்று அவருக்குப் புரியும், அடுத்த சிமிழுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று உங்களுக்கும் புரியும்.

ரப்பர் மரத்துக்கு இன்னொன்றும் எழுத வேண்டும். பால் வெட்டி ஓய்ந்து, 25, 30 வருஷத்தில் வெட்டித் தள்ளுகிற மரம் அது. உள்ளே மாவுச்சத்து அதிகம், வெட்டிய சில நாளிலேயே நீலம் பாயும், வண்டு விழும், உளுத்துப் பொடியாகும். அதற்காகத்தான் பலகையைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். நண்பருக்குக் கட்டை கொடுத்தால், மருந்து ஏற்றியதா ஏற்றாததா என்று சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஏற்றாததென்றால் அவர் வீட்டு நாற்காலி வரைக்கும் வண்டு போகும். ஏற்றியதில் சாப்பாட்டுக் கிண்ணம் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பலா இருக்கிறது, பூவரசு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் பூவரசில் சாப்பாட்டுக் கிண்ணம் செய்திருக்கிறார்கள், உணவில் அதன் ருசி ஏறாது என்பதால்.

மெல்லிசாகக் கடையும் வித்தையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஈர மரத்துக்குப் பின்னால் விளக்கை வைத்து, சுவர் வழியே வெளிச்சம் கசிவதைப் பார்த்துக் கனத்தைக் கணிப்பது பல ஊரில் செய்கிற வேலைதான். உங்கள் முறை வேறாக இருந்தாலும் கேட்டவர் அன்றைக்கே உங்கள் கையை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார். உளியின் சரிவு முகத்தை முதலில் மரத்தில் படியவிட்டு, மெல்லக் கைப்பிடியை உயர்த்தி முனையை வெட்ட விடுவது என்று நான் இங்கே எழுதிவிடலாம், ஆனால் அந்த அழுத்தம் பழகப் பழகத்தான் வரும். பக்கத்தில் நின்று பார்த்தவருக்குச் சீக்கிரம் வரும், அவ்வளவே. உளியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், தீட்டியிருக்கும் கோணத்தைப் பார்த்தாலே அவருக்குப் பாதி விளங்கும்.

பக்கத்தில் நிற்பது என்றதும் அம்பாசமுத்திரம் நினைவுக்கு வருகிறது. செப்புச் சாமான், அதாவது குழந்தைகள் விளையாடும் மரச் சாமான், கடைபவர்கள் அங்கே இருக்கிறார்கள். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டில் அது உருகி நிறமாகப் படியும். நாம் ஆசைக்குச் செய்வதை அவர்கள் பிழைப்புக்குச் செய்கிறார்கள், கை வேகம் அப்படி. செங்கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். ஒரு நாள் பட்டறை வேலை போகும், அந்தக் கூலியை எல்லோருமாகப் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். டீயும் பொன்னாடையும் மட்டும் கொடுத்து அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் காய்ந்து படலமாகாது, நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரலாம். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும், மேலே தேன்மெழுகு தேய்த்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். இதையும் உங்கள் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்