பெயரளவு டைரக்டருக்கும் பொறுப்பு உண்டா?

கேள்வி: மைத்துனரின் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஆறு ஆண்டுகளாக டைரக்டராக இருக்கிறேன். எனக்கு வணிகப் படிப்பு கிடையாது. ‘பேருக்குத்தான்’ என்று சேர்த்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சம்பளம் இல்லை, கணக்குக் கேட்டால் அவமானப்படுத்துகிறார். இப்போது கம்பெனி வாங்கிய கடனுக்கு வங்கி எனக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ராஜினாமா செய்துவிட்டு, அவர்மேல் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: சம்பளத்தையும் அவமானத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். படிப்பு இல்லை என்பதும் உதவாது. பிரைவேட் கம்பெனி டைரக்டருக்குச் சட்டம் பட்டம் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கவனத்தோடும் சொந்தமாக யோசித்தும் செயல்பட வேண்டும் என்ற கடமையை, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு எல்லா டைரக்டர்களுக்கும் ஒன்றுபோல வைத்திருக்கிறது.

வங்கி உங்களை என்னவாகக் குறிப்பிட்டிருக்கிறது, டைரக்டர் என்றா ஜாமீன்தாரர் என்றா? நோட்டீஸை எடுத்து அதைப் பாருங்கள். டைரக்டர் என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனிக் கடனை உங்களிடம் வசூலிக்க முடியாது. ‘காட்டிய இடத்தில்’ போட்ட கையெழுத்துகளில் ஒன்று ஜாமீன் பத்திரத்தில் இருந்தால் முடியும். என் கணிப்பு, இருக்கும்.

என்னிடம் வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ராஜினாமா செய்தால் ஜாமீனும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கம்பெனிச் சொத்தை விற்றுவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று வங்கியிடம் சொல்லவும் பொதுவாக வழியில்லை. ஜாமீன்தாரர்மீது தனியாகத் திவால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதை 2021-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.

இன்னொன்று, இதைவிட மோசமானது. யாராவது முன்தேதியிட்டு ராஜினாமாக் கடிதம் தயாரித்துத் தருவதாகச் சொல்வார்கள். தொடாதீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் கையெழுத்திட்ட ஒரு காசோலையோ பேலன்ஸ் ஷீட்டோ போதும். பணப் பிரச்சினை போலி ஆவண வழக்காக மாறிவிடும். ராஜினாமா, கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ கடிதத்தில் குறிப்பிட்ட நாளிலோ, எது பிந்தையதோ அன்றுதான் செல்லும். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு அப்புறமும் தொடரும்.

மோசடிப் புகாரை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். ஆறு வருடக் கையெழுத்துகளுக்கு நீங்களே விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதோடு, கடனை ஒழுங்குபடுத்தக்கூடிய ஒரே ஆளைப் பகைத்துக்கொள்கிறீர்கள். சமரசம் பேசுங்கள். சம்பளப் பாக்கியை விட்டுக்கொடுத்தாவது, உங்களுக்குப் பதில் வேறு ஜாமீன்தாரரை வைக்க மைத்துனரைச் சம்மதிக்க வையுங்கள். வங்கி உங்களை விடுவித்ததாக எழுத்தில் தர வேண்டும். மேனேஜர் வாய்வார்த்தை செல்லாது.

ராஜினாமாவை இன்றைய தேதியிலேயே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-11 படிவத்தை நீங்களே தாக்கல் செய்யுங்கள். உங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கணினியில் உங்கள் கையெழுத்தைப் போடப் பயன்படும் சிறு கருவி) ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தால், அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.