எஸ்எஸ்டிவி படங்களுக்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இரண்டு மீட்டர் அலைவரிசையில் இயங்கும் ஹேண்டி (கையடக்க ரேடியோ) இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் அனுப்பும் எஸ்எஸ்டிவி படங்களை (ரேடியோவில் மெதுவாக, வரிவரியாக வரும் நிலைப்படங்களை) பிடிக்க, ரேடியோவைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி கட்டாயம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இதில் படம் என்பது வெறும் ஒலிதான். கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300, நடுநடுவே 1200இல், வரிகளை ஒழுங்காக அடுக்க உதவும் சிங்க் துடிப்பு. ஹேண்டியின் ஸ்பீக்கர் அருகே போனை வைத்து, ரோபாட்36 என்ற இலவசச் செயலியைத் திறந்தாலே படம் விரியும். பக்கத்தில் யாராவது பேசினால் அதுவும் படத்தில் கோடாக விழும்!

நிலையம் படம் அனுப்பும் நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில், எஃப்எம்மில், ஹேண்டியின் ‘வைடு’ அமைப்பில் கேளுங்கள். சிக்னல் தாழ்ந்தால் ஒலியை அடைக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். நிலையம் படம் அனுப்பும் பிடி 120 என்ற முறையில் ஒரு படம் வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நடுவே சிக்னல் தாழ்ந்து ஸ்குவெல்ச் மூடினால் அந்த வரிகள் போனது போனதுதான். செலவு செய்தே தீருவது என்றால், கையில் பிடித்து நிலையத்தை நோக்கித் திருப்பும் சிறிய யாகி ஆன்டெனா வாங்குங்கள்.

கேள்வி: 14.230 மெகாஹெர்ட்ஸில் வரும் எஸ்எஸ்டிவி படங்களெல்லாம் சாய்ந்தே வருகின்றன. ரேடியோவில் கோளாறா?

பதில்: ரேடியோமேல் பழி போடாதீர்கள். கணினியின் சவுண்ட் கார்டு கடிகாரம்தான் பிசகுகிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே, 114 நொடி ஓடும் மார்ட்டின் 1 என்ற முறைப் படத்தில் கடைசி வரி 11 மில்லிநொடி தள்ளிப்போகும். அது ஏறக்குறைய 25 புள்ளி. எம்எம்எஸ்எஸ்டிவி மென்பொருளில் கடிகாரத்தைத் திருத்த வசதி உண்டு. நேர சிக்னல் நிலையத்தின் நொடித் துடிப்பைக் கேட்கவைத்து ஒருமுறை சரிசெய்தால் போதும். நிறம் மாறித் தெரிந்தால் அது வேறு வியாதி: டியூனிங் விலகியிருக்கிறது.

கேள்வி: உரிமம் கிடைத்துவிட்டது. படம் அனுப்ப என்ன வாங்க வேண்டும்?

பதில்: கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, வரும் ஒலிக்கு ஒன்று, போகும் ஒலிக்கு ஒன்று. நேரடியாக ஒயரை இழுத்தால், இரண்டின் எர்த்தும் இணைவதால் வரும் கிரவுண்ட் லூப் உறுமல் படத்தில் பட்டை பட்டையாக ஏறும். பிடிடிக்கு, அதாவது ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்ற, ஒலி வந்ததும் தானே மாற்றும் வாக்ஸே போதும். ரேடியோவில் யுஎஸ்பி சாக்கெட் இருந்து, உள்ளேயே சவுண்ட் கார்டும் இருந்தால் இவை எதுவும் வேண்டாம்.

பேச்சை வலுவாக்கும் ஸ்பீச் பிராசசரை அணையுங்கள். ஏஎல்சி (ஒலி மிகும்போது ரேடியோ தானே குறைப்பதைக் காட்டும்) முள் அசையாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். பேச்சில் இருக்கும் இடைவெளி இதில் கிடையாது, முழுநேரமும் முழு பவர். ஆகவே 100 வாட் ரேடியோவை 50இல் ஓட்டுங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சல் வந்த மணியும் காற்றில் போகும்.