வாய் தவறி 'வாம்மா' என்றுவிட்டால்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த திருநம்பியை (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) வாய் தவறி 'வாம்மா' என்றுவிட்டேன், இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 'ஸாரி, வாங்க சார்' என்று ஒருமுறை திருத்தினால் போதும். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால் அப்புறம் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்!

தமிழில் 'அவர்' மட்டும் போதாது, வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'அவர்' என்று ஆரம்பித்து 'சாப்பிட்டாளா' என்று முடிப்போம். 'சாப்பிட்டாரா' என்று அவர் இல்லாதபோதும் சொல்லிப் பழகுங்கள். தம்பியா, அண்ணனா, வெறும் பெயரா என்பதை அவரிடமே தனியாகக் கேளுங்கள். பழைய பெயரை மட்டும் கிளறாதீர்கள். 'சான்றிதழில் வேறு மாதிரி இருக்கே' என்று யாராவது இழுத்தால், தன் பாலினத்தைத் தானே முடிவுசெய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-லேயே நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் ஏற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள்.