வால்வு ஒப்பரேசன் முடிந்து வீட்டில் முதல் 12 கிழமை: கேள்வி பதில்

நெஞ்சைத் திறந்து இதய வால்வு மாற்றியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்டவை இவை. காயம், நடை, சாப்பாடு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வோர்பரின் குளிசை பற்றி விரிவாகச் சொல்கிறேன். குளிசையின் மில்லிகிராமைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டால் பதில் தரமாட்டேன். அது உங்கள் கிளினிக்கின் வேலை. டிஸ்சார்ஜ் அட்டையில் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு விதமாக எழுதியிருந்தால் அட்டையில் உள்ளதையே செய்யுங்கள்.

வெள்ளவத்தை, மகள்: அப்பாவுக்கு 64 வயது. வால்வு மாத்தி வீட்டுக்கு வந்து மூன்று நாள். கட்டிலால எழும்பக் கஷ்டப்படுறார். நானும் அண்ணாவும் கக்கத்துக்குள்ள கை கொடுத்துத் தூக்கி விடுறம். பிழையில்லைத்தானே?

பிழை, தங்கச்சி. இன்றைக்கே நிறுத்துங்கள். நெஞ்செலும்பை நடுவால் அறுத்துத்தான் இதயத்துக்குப் போகிறார்கள். மூடும்போது உருக்குக் கம்பியால் கட்டி விடுகிறார்கள். எலும்பு தானாக ஒட்டும் வரைக்கும் அதை அசையாமல் வைத்திருப்பதுதான் கம்பியின் வேலை. ஒட்ட 6 முதல் 8 கிழமை, பழைய பலம் வர ஏறக்குறைய 12 கிழமை ஆகும். கக்கத்தில் பிடித்துத் தூக்கினால் இரண்டு தோளும் இரண்டு பக்கம் இழுபட்டு அந்தக் கம்பி எலும்புக்குள் அறுக்கத் தொடங்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் உடம்பு பருத்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூட.

அப்பாவே எழும்பலாம். மல்லாந்து படுத்தபடி முழங்கால் இரண்டையும் மடக்கச் சொல்லுங்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கட்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்குற்றி உருளுவது போல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பிறகு கால்களைக் கட்டில் விளிம்பால் கீழே விட்டால் கால்களின் பாரமே மேலுடம்பை எழுப்பும். உடம்போடு ஒட்டிய முழங்கை கொஞ்சம் உதவினால் போதும். நீங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கையை வைத்துத் தாங்கலாம், இழுக்கக் கூடாது. எழும்பியவுடன் நடக்க விடாமல் ஒரு நிமிடம் இருக்க விடுங்கள். பிரஷர் குளிசையால் தலை சுற்றும்.

கதிரையில் இருந்து எழும்ப: விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருமட்டும் முன்னே சாய்ந்து எழும்ப வேண்டும். கைகள் தொடையில் இருக்கட்டும், கதிரைக் கையில் ஊன்ற வேண்டாம். பதிந்த சோபாவில் முதல் இரண்டு மாதம் இருக்க விடாதீர்கள்.

6 கிழமைக்கு 3 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல், 5 கிலோ அரிசிப் பை, பேரப்பிள்ளை எல்லாம் அதற்கு மேல்தான். 12.5 கிலோ காஸ் சிலிண்டரை 3 மாதம் வரைக்கும் உருட்டவும் கூடாது. மூச்சு இழுக்கும்போதோ திரும்பும்போதோ நெஞ்செலும்பு கடக் என்று அசைவது தெரிந்தால், அல்லது காயத்தால் நீர் வடிந்தால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வாட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

மட்டக்குளி: இருமினால் நெஞ்சு வெடிக்கிற மாதிரி நோ. இருமாமல் அடக்குறார்.

அடக்கினால் சளி தேங்கி நியூமோனியா வரும். ஒரு துவாயை இறுக்கமாகச் சுருட்டி, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு இருமட்டும். வாட்டில் தந்த மூன்று பந்துக் கருவியில், விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 10 தரம் மெதுவாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், ஊதுவதல்ல. நோவைப் பல்லைக் கடித்துத் தாங்கச் சொல்லாதீர்கள். நோ இருந்தால் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், நடக்கவும் மாட்டார். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நாளைக்கு 8க்கு மேல் இல்லை. உடம்பு மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அளவு குறையும். நாள்கணக்கில் தொடர்ந்தால் ஐஎன்ஆரை (இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை அளவு; ஏறினால் கசிவு ஆபத்து, இறங்கினால் இரத்தக் கட்டி ஆபத்து) ஏற்றும் என்பதால் கிளினிக்கில் சொல்லுங்கள். வோர்பரின் போடுபவர்களுக்கு டைக்ளோபினாக், ஐபுபுரோபன் வேண்டவே வேண்டாம்.

பம்பலப்பிட்டி, மருமகள்: மாமிக்குக் காயத்தின் கீழ்ப்பக்கம் ஈரமாகவே இருக்குது. மஞ்சள் பூசலாமோ?

மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒன்றும் வேண்டாம். சாதாரண சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போதும். தேய்க்காமல் துவாயால் ஒற்றி எடுங்கள். பெண்களுக்கு மார்பின் பாரம் காயத்தின் கீழ் முனையை இழுக்கும், கொழும்பு வெக்கையில் வியர்வையும் அங்கேதான் தங்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொளுவும் மென்மையான பிராவை இரவிலும் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு விசயத்தை வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை. ஈரம் வியர்வையா, காயத்தால் வரும் நீரா என்று சுத்தமான துணியை வைத்துப் பாருங்கள். துணியில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ கறை பட்டால் இன்றே காட்டுங்கள்.

தெஹிவளை: எவ்வளவு தூரம் நடக்கலாம்? நாங்கள் நாலாம் மாடி, லிப்ட் அடிக்கடி நிக்கும்.

முதல் கிழமை வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம், நாளைக்கு 4 தரம். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் கூட்டினால் 5, 6 கிழமையில் ஒரே தடவையில் 30 நிமிடம் வரும். நடந்தபடி ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூட. காலை 7 மணிக்கு முதல் மரைன் டிரைவ் நல்ல இடம், தரை சமம், இருக்கவும் இடம் உண்டு. காலிமுகத் திடலில் பின்னேரக் காற்று எதிர்த்து அடிக்கும். அதை முதல் மாதம் விடுங்கள். படி ஏறலாம். ஒவ்வொரு தட்டிலும் நின்று ஏறுங்கள், கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்காதீர்கள்.

தெஹிவளை, இன்னொருவர்: அம்மாவுக்கு உலோக வால்வு. வோர்பரின் போடுறா. கீரை எவ்வளவு சாப்பிடலாம்?

முந்திச் சாப்பிட்ட அளவே. கிழமைக்கு மூன்று நாள் அரைக் கோப்பை என்றால் அதையே தொடருங்கள்.

கொட்டாஞ்சேனை, அண்ணன்: மன்னிக்கவும், இது பிழையான அறிவுரை. வீட்டுக்கு அனுப்பும்போது கீரையைத் தொடவே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொன்னவை. எத்தினையோ பேர் அப்படித்தான் இருக்கினம்.

அண்ணா, அப்படிச் சொல்வது பலகாலமாக இருக்கிறது. அதை ஏன் மறுக்கிறேன் என்று முழுதாகச் சொல்கிறேன். இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் நாலை ஈரல் செய்வதற்கு விற்றமின் கே வேண்டும். பாவித்த விற்றமின் கே திரும்பப் பாவனைக்கு வருவதை வோர்பரின் தடுக்கிறது. ஆகவே உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பது நீங்கள் வழமையாகச் சாப்பிடும் விற்றமின் கேயைப் பொறுத்தது. கிளினிக்கில் அதை அளப்பதில்லை. ஐஎன்ஆரைப் பார்த்துக் குளிசையைப் பொருத்துகிறார்கள். கீரையே இல்லாமல் பொருத்திய ஒருவரின் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. அவர் ஒரு கலியாண வீட்டில் ஒரு கரண்டி வல்லாரைச் சம்பல் சாப்பிட்டால் போதும், ஐஎன்ஆர் ஆடும். ஒரே அளவில் சாப்பிட்டு வருபவருக்கு அந்த ஒரு கரண்டி பெரிய வித்தியாசம் காட்டாது. கீரையை வெட்டினால் ஆபத்து குறைவதாகத் தெரியும், ஆனால் ஏற்ற இறக்கம் கூடும். வால்வில் இரத்தக் கட்டி பிடிப்பதும் மூளையில் இரத்தம் கசிவதும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

கொட்டாஞ்சேனை, அதே அண்ணன்: நாங்கள் நிப்பாட்டி ஒரு வருசம். ஐஎன்ஆர் 2.5இலேயே நிக்குது. அப்ப இதுக்கு என்ன சொல்லுறியள்?

நிற்கிறது என்றால் நீங்கள் ஒரே மாதிரிச் சாப்பிடுகிறீர்கள், அதுதான் காரணம். இனிக் கீரையைத் தொடங்குவதானால் கிளினிக்கில் சொல்லி, கொஞ்சமாகத் தொடங்கி, ஒரு கிழமைக்குள் ஐஎன்ஆர் பாருங்கள். தொடங்க விருப்பமில்லை என்றால் அப்படியே இருங்கள். உங்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. புதிதாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதை விதியாகச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

வத்தளை: அப்ப கொல கெந்த, அந்த இலைக்கஞ்சி? ஒப்பரேசனுக்குப் பிறகு பலத்துக்கு என்று தினமும் ஒரு கோப்பை குடுக்கச் சொல்லீனம்.

இதில்தான் பலர் விழுகிறார்கள். இலைக்கஞ்சியில் ஒரு பிடி பச்சை இலையின் சாறு முழுக்க இறங்குகிறது. வாட்டில் இருந்தபோது கஞ்சி இல்லை, அந்தச் சாப்பாட்டுக்குத்தான் குளிசை பொருத்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தினமும் ஒரு கோப்பை தொடங்கினால் சில நாளிலேயே ஐஎன்ஆர் கீழே வரும். முதல் 3 மாதம் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

வெள்ளவத்தை, ஆசிரியை: கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிப்பேன். வோர்பரின் போட்டால் பிடிக்கலாமா?

இந்த முறை வேண்டாம், ரீச்சர். ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் விற்றமின் கே வராது, ஐஎன்ஆர் ஏறும். மரக்கறியும் கீரையுமாக மாறினால் இறங்கும். இரண்டும் ஆறு நாளில் நடக்கக் கூடியவை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு பிரச்சினையில்லை, அது கிழமைக்குக் கிழமை ஒரே மாதிரி வருவது.

களுபோவில: முருங்கையிலை சாப்பிடலாமா?

மேலே வாசியுங்கள்.

கல்கிசை: பொன்னாங்காணி?

அதே பதில்தான். கங்குன், வல்லாரை, முருங்கையிலை, கோவா எதற்கும் வேறு பதில் இல்லை. தயவுசெய்து கீரையின் பெயரை மட்டும் மாற்றிக் கேட்காதீர்கள், காய்ச்சல் பற்றிக் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிராண்ட்பாஸ்: தம்பிக்கு வால்வு மாத்தி 5 கிழமை. இரண்டு நாளாகக் காய்ச்சல் 38.4. ஃபாமசியில் அமொக்சிலின் வாங்கிக் குடுக்கவோ?

கொடுக்காதீர்கள். புது வால்வில் கிருமி பிடித்தால் அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் காய்ச்சல்தான். அதைக் கண்டுபிடிக்க அன்டிபயோடிக் தொடங்க முன்னரே, வேறு வேறு இடத்தால் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு கப்சூல் போட்டாலே காய்ச்சல் ஒளிந்துகொள்ளும், இரத்தத்தில் கிருமி வளராது, வால்வு உள்ளே அழிந்துகொண்டிருக்கும். அதோடு இது டெங்குப் பிரதேசம். டெங்கில் இரத்தத்தட்டு இறங்கும்போது வோர்பரினும் அஸ்பிரினும் உடம்பில் இருந்தால் கசிவு ஆபத்து பல மடங்கு. வாசலிலேயே “வால்வு மாற்றியவர், வோர்பரின் போடுகிறார்” என்று சொல்லுங்கள். இன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெமட்டகொட: மெல்லிய காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுப் பார்க்கலாமா?

குடிக்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 38ஐத் தாண்டினாலும், மெல்லிய காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலும் காட்ட வேண்டும். அன்டிபயோடிக்கை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

ஆமர் வீதி, அக்கா: தங்கச்சிக்கு 27 வயது. வாதக் காய்ச்சலால் கெட்ட மைற்றல் வால்வை மாத்தியாச்சு. மாதாமாதம் போட்ட பெனிசிலின் ஊசி இனித் தேவையில்லைத்தானே?

தேவை, அக்கா. வால்வை மாற்றினாலும் வாதக் காய்ச்சல் திரும்பி வரலாம், மற்ற வால்வுகள் அவருடையவைதான். 3 அல்லது 4 கிழமைக்கு ஒருக்கால் 12 இலட்சம் அலகு ஊசி தொடர வேண்டும். பெரும்பாலும் 40 வயது வரைக்கும், சிலருக்கு ஆயுள் முழுவதும். ஊசி போட முன் ஐஎன்ஆர் புத்தகத்தைக் காட்டுங்கள், போட்ட இடத்தை வழமையை விட நீண்ட நேரம் அமத்திப் பிடியுங்கள். ஐஎன்ஆர் ஏறியிருந்தால் என்ன செய்வதென்று கிளினிக் சொல்லும். இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த வயதில் முக்கியம்: கர்ப்பத்தின் 6 முதல் 12 கிழமைக்குள் வோர்பரின் பிள்ளையின் எலும்பையும் முகத்தையும் பாதிக்கும். வோர்பரினைத் தானாக நிறுத்தினால் வால்வு அடைபடும், அது தாயின் உயிருக்கே ஆபத்து. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, கருத்தரிக்க முன், கிளினிக்கில் பேச வேண்டும்.

ராஜகிரிய: ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புதுக் குளிசை இருக்காம். மாத்தலாமா?

உலோக வால்வுக்கு இல்லை. டபிகட்ரான் என்ற புதுக் குளிசையை வைத்துச் செய்த ஆய்வில் இரத்தக் கட்டியும் இரத்தக் கசிவும் கூடியதால் இடையில் நிறுத்தினார்கள், 2013இல் முடிவு வந்தது. இன்னொரு புதுக் குளிசையான அபிக்ஸபானின் ஆய்வும் கட்டி கூடியதால் 2022இல் இடையில் நின்றது.

நுகேகொட: அம்மா நேற்று வோர்பரின் மறந்திட்டா. இன்று இரண்டு போடவோ?

ஒன்று மட்டும். மறந்தது அதே நாளில் ஞாபகம் வந்தால் போடலாம், மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. புத்தகத்தில் எழுதி வையுங்கள். குளிசையை நிறத்தால் அடையாளம் பிடிக்காதீர்கள், கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். பெட்டியில் 1, 3, 5 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதை வாசியுங்கள்.

மருதானை: இரவில் நெஞ்சுக்குள்ள மணிக்கூடு மாதிரி டிக் டிக். பயமா இருக்கு.

உலோக வால்வு மூடும் சத்தம் அது, இருக்க வேண்டியது. இடப்பக்கம் சரிந்தால் கூடக் கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஓட வேண்டும்.

பத்தரமுல்ல: செவ்விளநீர் தினமும் குடிக்கலாமா?

எனலாபிரில், லோசாட்டன், ஸ்பைரோனோலக்டோன் இவற்றில் ஒன்று போடுகிறீர்கள் என்றால் தினமும் வேண்டாம். அவை பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு குழம்பும்.

தெஹிவளை: கார் ஓட்டுவது?

6 கிழமைக்குப் பிறகு, நிபுணர் பார்த்த பின். அதுவரை பின் இருக்கை. சீற் பெல்ட்டுக்கும் காயத்துக்கும் இடையில் மடித்த துவாய். பஸ்ஸில் நின்றபடி மேல் கம்பியைப் பிடித்து வருவது 3 மாதத்துக்கு இல்லை.

கொள்ளுப்பிட்டி: பல்லுப் பிடுங்க வேணும்.

அவசரமில்லை என்றால் தள்ளிப் போடுங்கள். அவசரம் என்றால் பல் வைத்தியரிடம் வால்வைப் பற்றி முதலே சொல்லுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் அமொக்சிலின் 2 கிராம் தருவார்கள். இது வைத்தியர் தருவது. மேலே காய்ச்சலுக்குச் சொன்னதோடு இதைக் குழப்ப வேண்டாம்.

வத்தளை, மகன்: அப்பாவுக்கு 3 கிழமை. மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருக்கு. நேற்று இரவு முழுக்கக் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை. படுத்தால் மூச்சு முட்டுதாம். கிளினிக் வியாழக்கிழமை. அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள், தம்பி. நுரையீரலில் நீர் ஏறியிருக்கலாம், அல்லது இதயத்தைச் சுற்றிய பையில் இரத்தம் தேங்கியிருக்கலாம். வோர்பரின் போடுபவர்களுக்கு இரண்டாவது வீட்டுக்கு வந்த பிறகும் வரும், மணித்தியாலக் கணக்கில் மோசமாகும். இப்போதே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை அப்பாவைப் படுக்க விடாதீர்கள், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து இருக்கட்டும். டிஸ்சார்ஜ் அட்டை, ஐஎன்ஆர் புத்தகம், குளிசைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கையில் எடுங்கள். கடைசி வோர்பரின் எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.